தாமர் அத்தையின் பாட்டு

கிரிஸ்பின் லாட்டிமரின் மாடியறையில் பாடுவதற்குக் குரல்கூட இரண்டாம்பட்சம்தான். பாடும் முன் எழுந்து நின்று, இந்தப் பாட்டு யாரிடமிருந்து எனக்கு வந்தது என்று சபைக்குச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் கற்றேன், பக்கத்துத் தெருக் கிழவர் பாடுவார், சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியப்பா சொல்லிக்கொடுத்தார் என்று ஏதாவது ஒன்று. கேட்டுவிட்டு லாட்டிமர் தலையசைப்பார். தலையசைத்தால் பாடலாம். கையில் கிட்டார் இருந்தால் அதைக் கீழே மதுக்கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். மின் கிட்டாரைப் பற்றி அங்கே பேச்செடுப்பதே தப்பு.

லாட்டிமர் தெற்கு இங்கிலாந்துக்காரர், வடக்கே நியூகாசிலில் கல்லூரி விரிவுரையாளர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் நார்த் ஷீல்ட்ஸ் மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்து, 'ஓல்டு பைலட்' மதுக்கடையின் மாடியில் நாட்டுப்பாடல் மன்றம் நடத்தினார். கடலில் கால் நனைத்திராத மனிதர், மீனவர்கள் போடும் தடித்த கம்பளிச் சட்டையைக் கோடையிலும் கழற்ற மாட்டார். ஒரு கையால் காதை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, திமிங்கிலம் பிடிக்கப் போனவர்களின் பாட்டைப் பாடுவார். நிஜமாகவே கடலுக்குப் போய்வந்தவர்கள் கீழ்த்தளத்தில் பியர் குடித்துக்கொண்டு கால்பந்து பேசுவார்கள்.

எனிட் பர்விஸ் அந்த மாடிக்குப் போக ஆரம்பித்தது 1964 இலையுதிர் காலத்தில். வயது இருபத்துநான்கு. ஹெர்ரிங் மீனைப் பிளந்து புகை போடும் கொட்டகையில் வேலை. கையைப் பத்துத் தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் ஓக் புகை வாடை போகாது. மாடியில் பக்கத்தில் உட்காரும் கல்லூரிப் பெண்களுக்கு அந்த வாடை ரொம்பப் பிடித்திருந்தது. "எவ்வளவு அசலா இருக்கீங்க" என்று ஒருத்தி சொன்னாள். எனிட்டுக்கு அவளை அறையத் தோன்றியது.

அவள் அங்கே போனது ஒரு பாட்டைப் பாடத்தான். வேறெங்கும் அதைப் பாட இடமில்லை.

அவளுடைய தம்பி வில்ஃப், முந்தின வருடம் பிப்ரவரியில் 'மார்னிங் கிரேஸ்' என்கிற மீன்பிடிக் கப்பலோடு போனான். பத்துப் பேர். ஐஸ்லாந்துப் பக்கம் பனிப்புயல். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. வில்ஃபுக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அம்மா அவன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். ஆனால் அவன் விட்டுவிட்டுப் போன பழைய ஜோடி பூட்ஸை அடுப்போரத்தில் வைத்து, வாரம் ஒருமுறை எண்ணெய் தடவிவந்தாள். வீட்டில் அழக்கூடாது என்பது எழுதாத சட்டம். அழ முடியாதவள் என்ன செய்வாள்? மீனைப் பிளந்துகொண்டே ஒரு குளிர்காலம் முழுக்க எனிட் மனதுக்குள் நான்கு சரணம் கட்டினாள். மெட்டும் அவளுடையதுதான். மூன்றாம் சரணத்தில் பூட்ஸ் வரும்:

அடுப்போரம் காயுதய்யா உன் காலணி
அதை நனைக்க இனி வராது ஒரு துளித் தண்ணி

கடைசிச் சரணம் இப்படி முடியும்:

கடலுக்கு வாசல் இல்லை நீ நடந்து வர
கல்லறையும் இல்லை எனக்குப் பூ கொண்டு தர

இதை உண்மையைச் சொல்லியே பாடலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். ஆனால் அவள் போன இரண்டாவது ஞாயிறு, கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்யும் ஒருவர் எழுந்து, "இது நானே கட்டினது" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டுப் பாடினார். நல்ல பாட்டு. முடிந்ததும் லாட்டிமர் இரண்டு விரலால் கைதட்டினார்.

"முயற்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, நூறு வருஷம், ஆயிரம் வாய் பட்டுத் தேஞ்ச பாட்டு நம்மகிட்ட குவிஞ்சு கெடக்கு. அதெல்லாம் இருக்கும்போது நம்ம சொந்தச் சங்கதியை எதுக்கு இழுத்துட்டு வரணும்?"

கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் தொப்பியை எடுத்துக்கொண்டு கீழே போனவர், மறுபடி ஏறி வரவே இல்லை.

அடுத்த ஞாயிறு எனிட்டின் முறை வந்தது. எழுந்து நின்றாள். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க மிஸ் பர்விஸ்?" என்று லாட்டிமர் கேட்டார். வில்ஃபைச் சொந்தச் சங்கதி என்று அந்த ஆள் ஒதுக்கிவிட்டால் தாங்க மாட்டோம் என்று பயந்துபோனாள். வாயில் வந்தது ஒரு புளுகு.

"எங்க அப்பாவோட அத்தை. தாமர்னு பேரு. கல்லர்கோட்ஸ்ல இருந்தாங்க. வலை பின்னிக்கிட்டே பாடுவாங்க."

தாமர் அத்தை என்று ஒருத்தி உண்மையிலேயே இருந்தாள். செத்துப் பத்து வருடமாகிறது. தேவாலயத் துதிப்பாட்டு தவிர எல்லாப் பாட்டும் சாத்தானின் வேலை என்று நம்பியவள். தெருவில் யாராவது சீட்டியடித்தால் ஜன்னலைச் சாத்துவாள். தன் பெயரில் ஒரு பாட்டு உலாவுவது தெரிந்தால் குழியிலிருந்து எழுந்துவந்து எனிட்டின் காதைத் திருகியிருப்பாள்.

எனிட் பாடினாள். தம்பி என்று இருந்த இடத்தில் கண்ணாளன் என்று மாற்றிக்கொண்டாள். பழைய பாட்டுகளில் கடலோடு போகிறவன் எப்போதும் காதலன்தான். முடித்தபோது அறையில் ஒருவரும் தும்மக்கூட இல்லை. லாட்டிமரின் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பில்லை, அவரும் மனிதர்தானே. மறு வாரம் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்து அவளைப் பாடவைத்துப் பதிந்துகொண்டார். அதற்கு அடுத்த வாரமே தீர்ப்பும் வந்துவிட்டது. பாட்டுக்கு நூற்று நாற்பது வயதுக்குக் குறையாது. காலணி பற்றிய வரி இன்னும் பழையது.

எனிட்டுக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது. அவள் கட்டியதைக் கேட்டு ஒரு படித்த மனிதர் நூற்று நாற்பது வருடம் பின்னால் போய்விட்டாரே. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தீர்ப்பு வந்த ஞாயிறு அவள் மறுபடி பாடியபோது, அறையின் கடைசியில் கதவோரம் சாய்ந்து நின்று கேட்டவர்களில் லெஸ் ஹெட்லியும் ஒருவன். வில்ஃபின் பள்ளித் தோழன். அவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து கணக்கில்லாமல் உருளைக்கிழங்கு தின்றவன். இப்போது 'ஹால்யார்ட்ஸ்' என்ற பீட் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தான். ஐந்து பையன்கள், ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு, நெற்றியை மறைக்கும் முடி. அந்த வருடம் டைன் நதியின் இரண்டு கரையிலும் கல்லெறிந்தால் ஒரு பீட் குழுவின் மேல்தான் விழும். எல்லாக் குழுவும் அமெரிக்காவிலிருந்து வந்த அதே பத்துப் பன்னிரண்டு பாட்டைத்தான் திருப்பித் திருப்பி வாசித்தன. கேட்பவர்களுக்குச் சலித்துப்போய்விட்டது. வாசிப்பவர்களுக்கு அதைவிட.

பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்தபோது லெஸ் அவளிடம் வந்தான்.

"எனிட், இந்தச் சரக்கை எங்க ஒளிச்சு வச்சிருந்த? உங்க வீட்ல ஒரு நாளும் கேட்டதில்லையே."

"நீ தட்டைத் தவிர வேற எதைடா கவனிச்ச எங்க வீட்ல?"

"அது சரி. இதை டிரம்ஸ், மின் கிட்டாரோட வாசிச்சா எப்படி இருக்கும் தெரியுமா? எவனும் இன்னும் செய்யல. அமெரிக்காக்காரன் பாட்டை அமெரிக்காக்காரனுக்கே எத்தனை நாள் வித்துக்கிட்டு இருக்கறது? நம்ம ஊர்ப் பாட்டு இருக்குல்ல." கொஞ்சம் தயங்கினான். "ஒண்ணு கேக்கணும். இது யாரோடதும் இல்லையே? எழுதினவன் எவனாவது வந்து சட்டையைப் பிடிக்க மாட்டானே?"

எனிட் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து லாட்டிமர் பக்கத்தில் கோப்பையோடு வந்து நின்றார். தன் பாட்டை நூற்று நாற்பது வருடப் பழசு என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதரின் முகத்துக்கு நேரே, பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

"யாரோடதும் இல்ல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை நினைத்து அவள் பிறகு எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு லெஸ்ஸுக்கு மெட்டைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். கூட்டுறவுக் கடையின் மாடியில் ஹால்யார்ட்ஸ் ஒத்திகை பார்த்தபோது நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள். லெஸ் எங்கேயோ கெஞ்சி வாங்கிவந்த பன்னிரண்டு தந்தி மின் கிட்டார் முதல் சுரத்தைத் தொட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. டிரம்ஸ் அடி கப்பலின் வயிற்றில் அலை மோதுவது மாதிரி ஒலித்தது. லாட்டிமரின் அறையில் தனிக்குரலில் பாடியபோது அது ஒரு துக்கப் பாட்டு. இங்கே அதற்குக் கோபம் வந்திருந்தது. அவளுக்கு வேண்டியிருந்ததும் கோபம்தான். வில்ஃப் இருந்தால் மேசை மேல் ஏறி ஆடியிருப்பான் என்று நினைத்தாள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு வருடத்தில் முதல்முறையாக அழுதாள்.

பாட்டைத் தூக்கிக்கொண்டு பையன்கள் லண்டனுக்குப் போனார்கள்.

வசந்த காலத்தில் ஒரு நாள் கொட்டகை வானொலியில் அது வந்தது. பெண்கள் கத்தியை வைத்துவிட்டு "நம்ம லெஸ்ஸு, நம்ம லெஸ்ஸு" என்று கூவினார்கள். எனிட் கையில் மீனோடு நின்று கேட்டாள். முதல் சரணம், இரண்டாம் சரணம், பூட்ஸ். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கடைசிச் சரணம் வந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டேன் விடியலிலே
கடல் கொடுத்த மாப்பிள்ளை நின்றான் வாசலிலே

கடல் அவனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பின்னால் கைதட்டலும் உற்சாகக் கூச்சலும் வேறு. பக்கத்தில் நின்ற பெட்டி என்பவள், "கடைசியில வந்துட்டான் பாரு, எனக்குக் கண்ணே கலங்கிருச்சு" என்றாள்.

எனிட் கோபத்தை மென்று விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். இன்னும் பெரியது அங்கே காத்திருந்தது.

மீனவர் தேவாலயத்தின் வாசலில் மார்னிங் கிரேஸ் கப்பலில் போனவர்களுக்கு ஒரு நினைவுக் கல் வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பெயர் செதுக்க ஒவ்வொரு குடும்பமும் சம்மதம் சொல்ல வேண்டும். ஒன்பது குடும்பங்கள் உடனே சொல்லிவிட்டன. எனிட்டின் அம்மா ஒரு வருடம் இழுத்தடித்து, போன கிறிஸ்துமஸுக்குத்தான், "சரி, போடச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனிட்டுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். வில்ஃபுக்கு உலகத்தில் ஓரிடத்தில் ஒரு பெயர். பூ வைக்க ஒரு கல்.

அன்று சாயங்காலம் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாடிக்கொண்டிருந்தாள். அம்மா பாடுவாள் என்பதையே எனிட் மறந்துபோயிருந்தாள்.

"கேட்டியா எனிட், லெஸ்ஸோட பாட்டை? அந்தப் பொண்ணும் அடுப்போரம் பூட்ஸை வச்சிருக்கா. நம்மள மாதிரியே."

"பாட்டும்மா அது."

"பாட்டுதான். ஆனா பழைய பாட்டு. ரேடியோவுல சொன்னாங்க, நூறு வருஷத்துக்கு மேலயாம். அந்தக் காலத்து ஜனங்க சும்மா பாடுவாங்களா? நடந்திருக்கும். அதான் பாடியிருக்காங்க." அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டாள். அது வில்ஃபின் சட்டை. "பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். பேரு இப்ப வேண்டாம்னு."

எனிட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, ரெண்டு வருஷம் ஆச்சு."

"பாட்டுல எத்தனை வருஷம்னு சொல்லலையே."

லெஸ் ஊருக்கு வந்ததும் எனிட் நேராக அவன் வீட்டுக்குப் போனாள். புது ஷூ, புது சூட், முன்னறை நிறைய அத்தைமார்கள், மேசையில் கேக். அவனைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னாள். தாமர் அத்தை பாடவில்லை, நான் கட்டினேன், அது வில்ஃப்.

லெஸ்ஸின் முகம் வெளுத்தது. வில்ஃபின் பெயர் அவனையும் தொட்டது, அதில் சந்தேகமில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல? வில்ஃபுக்குன்னு சொல்லியிருந்தா கடைசி வரியைத் தொட விட்டிருப்பேனா? லண்டன்ல இசைத்தட்டுக் கம்பெனில சூட்டுப் போட்ட ஒரு ஆளு, பிணம் விழுந்தா பாட்டு ஓடாதுன்னான். டீ குடிக்கிற நேரத்துல அஞ்சு வரி எழுதிக் குடுத்தான். யாரோ செத்துப்போன பாட்டுதானேன்னு நானும் விட்டுட்டேன்."

"இப்ப சொல்லு. பத்திரிகைக்காரங்க உன்கிட்ட பேசறாங்கல்ல. எனிட் பர்விஸ் எழுதினது, கடைசிச் சரணம் வேறன்னு சொல்லு. அது ஒண்ணு போதும்."

லெஸ் தோட்டத்துச் சுவரைப் பார்த்தான்.

"இசைத்தட்டுல 'மரபுப் பாடல்'னு அச்சடிச்சாச்சு, இசைக்கோப்பு லெஸ் ஹெட்லின்னு. இப்ப மாத்திப் பேசினா திருடன்னு சொல்லுவாங்க, இல்லன்னா பொய்யன்னு சொல்லுவாங்க. கம்பெனி எங்களைத் தூக்கி வெளிய போட்டுரும். நாலு பசங்க வேலையை விட்டுட்டு வந்திருக்காங்க எனிட்." பிறகு மெதுவாகச் சொன்னான், "நீதானே சொன்ன, யாரோடதும் இல்லன்னு."

"எனக்குப் பாட்டு வேண்டாம்டா. நீயே வச்சுக்க. அவன் செத்துட்டான்னு மட்டும் எங்கம்மாவுக்குத் தெரியணும்."

உள்ளேயிருந்து யாரோ கேக் வெட்ட அவனைக் கூப்பிட்டார்கள். அவன் போய்விட்டான். கடைசியில் இவனும் கைகழுவிவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. கெட்டவன் இல்லை, கோழை. வேறு சமயமாக இருந்தால் அவனை மன்னித்திருப்பாள்.

மிச்சமிருந்தது லாட்டிமர்தான். பாட்டைப் பழசு என்று முதலில் சொன்னவர் அவர். அவரே இது பழசில்லை என்று சொல்லிவிட்டால் அம்மா நம்புவாள். கல்லில் செதுக்கும் வேலை வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்கு முந்தின ஞாயிறு எனிட் மன்றத்துக்குப் போனாள்.

மாடி நிரம்பி வழிந்தது. ஹால்யார்ட்ஸின் இசைத்தட்டைக் கண்டிக்கவென்றே லாட்டிமர் அன்றைய கூட்டத்தை வைத்திருந்தார். மின்சாரம் பாய்ச்சி ஒரு மூதாட்டியின் பாட்டைக் கொன்றுவிட்டார்கள் என்று கால் மணி நேரம் பேசினார். பிறகு கையை நீட்டி, "அசல் இப்ப நம்ம முன்னால. மிஸ் பர்விஸ்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் எழுந்தாள்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்கன்னு வந்தவங்களுக்குச் சொல்லுங்க."

"யார்கிட்டயும் கத்துக்கல. நானே கட்டினது." லாட்டிமரையே பார்த்துச் சொன்னாள். "தாமர் அத்தை பாட்டே பாடமாட்டாங்க. நான் பொய் சொன்னேன். இது எங்க தம்பி வில்ஃப் பத்தினது. மார்னிங் கிரேஸ்ல போனான். அந்தப் பூட்ஸ் எங்க வீட்ல இருக்கு. கடைசியில யாரும் திரும்பி வரல. மிஸ்டர் லாட்டிமர், நீங்க அதைச் சொல்லணும். பழைய பாட்டு இல்லன்னு நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

திட்டுவார்கள், வெளியே போகச் சொல்வார்கள் என்று தயாராக நின்றாள். லாட்டிமர் திட்டவில்லை. எழுந்துவந்து அவள் தோளில் கை வைத்தார். அவர் கண்களில் அதே ஈரம்.

"நண்பர்களே, நான் எத்தனை தடவை உங்ககிட்ட சொல்லியிருக்கேன்? நல்ல நாட்டுப்பாட்டுக்கு இதுதான் அடையாளம். பாடறவங்களுக்கு அது தன்னோட சொந்தக் கதையாவே ஆகிப்போகும். சொந்தத் துக்கம் வந்து பாட்டோட கலந்ததும், இதை நான்தான் கட்டினேன்னே மனசு நம்ப ஆரம்பிச்சிடும். மிஸ் பர்விஸ் பொய் சொல்லல. அவங்க தம்பி போன வேதனை அது."

"இல்ல. நான்தான் எழுதினேன். ஹெர்ரிங் பிளந்துக்கிட்டு..."

"போன மாசம் ஆம்பிள் ஊருக்குப் போயிருந்தேன்." குரலில் பொறுமையோ பொறுமை. "எண்பத்தோரு வயசு மீனவர். அவர் அம்மா பாடக் கேட்டதாம் இந்தப் பாட்டு. எனக்குப் பாடிக் காட்டினார், பதிஞ்சு வச்சிருக்கேன். அதுல உங்க அத்தை மறந்துபோன கடைசிச் சரணமும் இருக்கு. காதலன் கதவைத் தட்டற சரணம். அந்தப் பசங்க எங்கேயோ அதைப் பொறுக்கியிருக்காங்க. பாட்டைக் கெடுத்தாலும் சரணம் அசல்தான். அந்தக் காலத்துக் கடலோரத்தோட நம்பிக்கை அது."

கிழவர் அதைப் பேரனுடைய வானொலியில்தான் கேட்டிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. எல்லா வீட்டிலும் இரண்டு மாதமாக அதுதானே ஓடுகிறது. எண்பத்தோரு வயதில் எதை அம்மா பாடினாள், எதை வானொலி பாடியது என்று யாருக்கு நினைவிருக்கும்? கதவு தட்டும் சரணம் லண்டனில் ஒருவன் டீ குடித்துக்கொண்டே எழுதியது என்று கத்தினாள். முன்வரிசைப் பெண் ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "பரவாயில்லை, பரவாயில்லை, எங்களுக்குப் புரியுது" என்றாள்.

அவள் பாட வேண்டிய தேவையே இருக்கவில்லை. லாட்டிமர் காதில் கை வைத்து ஆரம்பித்தார், அறை சேர்ந்துகொண்டது. பூட்ஸ் வரைக்கும் அவளுடைய சொற்கள். அதன்பின் அவள், கடலுக்கு வாசல் இல்லை என்று எடுத்தாள். ஐம்பது குரல் கதவு தட்டும் சத்தத்தைப் பாடியது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மாடியையே கொளுத்தியிருப்பாள். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் துக்கத்தை மதித்து எல்லோரும் எழுந்து நின்று வழிவிட்டார்கள்.

புதன்கிழமை அம்மாவிடமே நேராகப் பேசிவிட முடிவு செய்தாள். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்த்து உன் பிள்ளை வரமாட்டான் என்று சொல்லும் துணிவு இல்லாததால்தான் ஊரையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சுற்றினாள். அம்மா தேநீர் ஊற்றினாள். எனிட் சொன்னாள். தான் கட்டியது, எப்போது கட்டியது, ஏன் மறைத்தது, எல்லாம். பிறகு உண்மையான கடைசிச் சரணத்தை மெல்லப் பாடியும் காட்டினாள்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தாமர் அத்தை பாட்டு அது."

"தாமர் அத்தை எப்பம்மா பாடினா? சீட்டி அடிச்சாலே ஜன்னலைச் சாத்துறவ."

"திருச்சபைக்குப் பயந்து வெளிய பாடமாட்டா. உங்கப்பாவைக் கட்டிக்கிட்டு வந்த புதுசுல, வலை பின்னும்போது முணுமுணுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இதே மெட்டுதான்."

"அப்ப நான் பொறக்கவே இல்ல. மெட்டு என்னோடதும்மா. கேளு, ஒரே ஒரு தடவை நான் சொல்றதை நம்பு. வெள்ளிக்கிழமைக்குள்ள பாதிரியார்கிட்ட சொல்லணும். வில்ஃபுக்கு ஒரு பேராவது..."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும் இல்லாத வெறுப்பு அந்தப் பார்வையில் இருந்தது.

"உனக்குப் பேரைச் செதுக்கறதுதான் அவசரம். அவன் வர்றதுல உனக்கு அக்கறை இல்ல. அந்தப் பாட்டை நீ எழுதியிருந்தா, அவனை வீட்டுக்கு வர விட்டிருக்கவே மாட்டே."

அம்மா சொன்னது சரிதான். தன் பாட்டில் எனிட் அவனை வர விடவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்கொத்தர் ஒன்பது பெயர்களோடு வேலையை முடித்துவிட்டு, கடைசி வரியில் வில்ஃபுக்காக விட்டுவைத்திருந்த இடத்தைத் தேய்த்துச் சமனாக்கினார்.